விசா வரும்வரை ஒண்டுக்குடித்தனம்: கனடா கிளம்பும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, சென்னையில் பல ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து, சாமான்களில் பாதியை விற்று மீதியை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்து, மாமியார் வீட்டு மாடியிலோ ஓ.எம்.ஆர். பக்கத்து ஒற்றைப் படுக்கையறை வீட்டிலோ நாள் எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கனடாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த வழியில் காத்திருந்த அனுபவம் எங்கள் குடும்பத்துக்கு இருப்பதுதான். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விசா விதிகள் மாறும்; தண்ணீர் மோட்டாரும் கரண்ட் பில்லும் மாறப்போவதில்லை.

இப்போது இருக்கும் வாடகை வீட்டை எப்போது காலி செய்வது?

பாஸ்போர்ட்டைச் சமர்ப்பிக்கச் சொல்லும் கடிதம் வந்த பிறகு. அதற்கு முந்தைய எந்தக் கட்டமும் வீட்டைக் கலைப்பதற்கான காரணமாகாது என்பது என் கருத்து. கைரேகை கொடுத்தாயிற்று, மருத்துவப் பரிசோதனை முடிந்தது, இனி என்ன இருக்கிறது என்று எண்ணித்தான் பலர் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி எனப்படும், திறன்வாய்ந்த பணியாளர்களுக்கான வழியில் வரும் விண்ணப்பங்களுக்கு ஆறு மாதம் என்பது கனடா அரசு தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் இலக்குதான். அதை உங்கள் விண்ணப்பத்துக்குத் தரப்பட்ட வாக்காக எடுத்துக்கொண்டு லாரி பேசக் கூடாது.

காலி செய்யும் அவசரம் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வருகிறது. 11 மாத ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிறார், ஏப்ரலில் பள்ளி முடிகிறது, எப்படியும் போகத்தானே போகிறோம் என்று மனசு அவசரப்படுகிறது. இந்த நிலையில் வீட்டுக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, மாதத்துக்கு மாதம் நீட்டித்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது நல்லது. இரண்டு மூன்றாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முறைக்கு இரண்டு முறை வண்டிக் கூலி, புதிய இடத்துக்கு அட்வான்ஸ், பழைய அட்வான்ஸில் ‘பெயின்டிங்’ என்று பிடிக்கப்படும் ஒரு மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஐந்தாறு மாத வாடகை உயர்வு இதற்குள் அடங்கிவிடும். வீட்டுக்காரர் தன் மகனுக்கே வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டால்தான் எந்த வீட்டுக்குப் போவது என்ற கேள்வியே வரும்.

வேலையை எப்போது விடுவது? இதற்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. சென்னையின் பல மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்பதால், கடிதம் வந்தபிறகு ராஜினாமா செய்தால் நேரம் போதாது என்று அஞ்சிச் சிலர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சம்பளம் நின்ற மாதமே வாடகை பாரமாகிறது. பாரமானதும் சிறிய வீடு தேடுகிறார்கள். தற்காலிக வீட்டுக்கு வந்த கதை பல குடும்பங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

விசாவோடு வரும் வசிப்புரிமை உறுதிச் சான்றில் ஒரு காலாவதித் தேதி இருக்கும்; அதற்குள் கனடாவில் போய் இறங்கிவிட வேண்டும். அது பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையின் 12 மாதச் செல்லுபடியையோ பாஸ்போர்ட்டின் ஆயுளையோ, எது முந்தியதோ அதை ஒட்டி அமையும். பரிசோதனை நடந்த தேதியிலிருந்து எண்ணினால், கடிதம் வந்தபின் உங்களுக்கு எவ்வளவு அவகாசம் மிஞ்சும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். 90 நாள் அதற்குள் அடங்குமானால் இப்போதே ராஜினாமா செய்யத் தேவையில்லை.

அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து முடிந்துவிடுகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தனியாக எடுக்கும் பாலிசிகளில் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. எனவே கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதம் முன்பே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். டெங்குக் காய்ச்சல் உங்கள் விசா வரும்வரை காத்திருக்காது.

சொந்தக்காரர் வீடா, சர்வீஸ் அபார்ட்மென்ட்டா, சின்ன வாடகை வீடா?

ஒரு மாதத்துக்குள் கிளம்பிவிடுவோம் என்று பயணச்சீட்டே கையில் இருந்தால் சர்வீஸ் அபார்ட்மென்ட் வசதி. கட்டிலும் குளிர்சாதனமும் பாத்திரமும் இருக்கும், பேப்பர் வேலை இல்லை, காலி செய்யும்போது தகராறும் இல்லை. ஆனால் நாள் வாடகையை முப்பதால் பெருக்கிப் பார்த்தால் அதே பகுதியில் நல்ல இரண்டு படுக்கையறை வீட்டு வாடகையைத் தாண்டிவிடும். தேதி தெரியாதவர்கள் அங்கே இருக்க இருக்கப் பணம் கரையும்.

தேதி தெரியாதவர்களுக்குச் சிறிய வாடகை வீடே சரி என்பேன். மேடவாக்கம், துரைப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கங்களில் தனி வீடுகளின் மாடியில் ஒரு ‘போர்ஷன்’ கிடைக்கும். மூன்று நான்கு மாதம்தான் இருப்போம் என்றால் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள்; மறுக்காதவர்கள் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். இதைப் பொய் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். நடுவில் காலி செய்யும்போது அட்வான்ஸ் அவர் கையில்தான் இருக்கும்.

சொந்தக்காரர் வீடு செலவில்லாதது என்று நினைத்துத்தான் அநேகம் பேர் போகிறார்கள். ஒரு மாதம் வரை அது விருந்து. இரண்டாம் மாதம் அது குடித்தனம். பிள்ளைகளைப் பேரப்பிள்ளைகளாகக் கொஞ்சிய தாத்தாவே, டி.வி. சத்தம் தாங்காமல் திண்ணைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகும் கட்டம் வரும். ஆனாலும் பெற்றோர் தனியாக இருக்கும் வீடு என்றால் நான் அங்கே போகவே சொல்வேன், ஏனென்றால் நீங்கள் கிளம்பிய பிறகு அவர்களுடைய மாத்திரைப் பெட்டியை யார் நிரப்புவது, பென்ஷனுக்கு வங்கிக்கு யார் கூட்டிப்போவது, இரவில் அவசரம் என்றால் எந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் அந்த நான்கு மாதத்தில் உடனிருந்து ஏற்பாடு செய்துவிடலாம்.

உறவினர் வீட்டில் தங்கினால் பணம் கொடுப்பது முறையா?

வாடகை என்று சொல்லிக் கொடுத்தால் மனம் நோகும். கொடுக்காமல் இருந்தால் அதைவிட அதிகமாக நோகும், வெளியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். மளிகை, பால், காய்கறி ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலிருந்தே உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லை உங்கள் போனிலிருந்து கட்டிவிடுங்கள். ‘அத்தை, கேஸ் சிலிண்டர் நான் புக் பண்ணிட்டேன்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர்களும் ‘உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்’ என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

சமையலறையில்தான் உரசல் அதிகம். ஒரே அடுப்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சாம்பார் வைக்க முடியாது. காலைச் சமையல் அவர்களுடையது, இரவுச் சிற்றுண்டி உங்களுடையது என்று வேளையைப் பிரித்துக்கொள்வது, வேலையைப் பிரித்துக்கொள்வதைக் காட்டிலும் நன்றாக நடக்கிறது. அவர்களுடைய டப்பாக்களை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

நான்கு மாதத்துக்கு எழுத்து ஒப்பந்தம் தேவையா?

தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதிப் பழகினார்கள். ஆனால் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்பு ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்று கேட்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் சென்னை வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை என்பதால், குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் இந்த விதியைப் பணிவாக நினைவூட்டலாம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒன்று. 15 நாள் என்று எழுதிவாங்க முடிந்தால் மிக நல்லது, ஏனென்றால் கடிதம் வந்தால் நீங்கள் இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அடுத்தது. நான்கு மாதக் குடித்தனத்துக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அநியாயம், அதை வரும்போதே பேசிவிட வேண்டும். மூன்றாவதாக, அட்வான்ஸ் எப்போது எந்த வங்கிக் கணக்குக்குத் திரும்பும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் பணமும் அப்படித்தான் ஒரு வீட்டுக்காரரிடம் பல மாதம் நின்றது.

கரண்ட் பில்லில் ஏன் இவ்வளவு தகராறு வருகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. நீங்கள் நடுவில் குடிவந்தால் முதல் பில்லில் பாதி உங்களுக்கு முன் இருந்தவருடையது. நடுவில் காலி செய்தால் கடைசி பில் நீங்கள் கிளம்பிய பிறகு வரும். எனவே குடிபோன அன்றைக்கே மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் அன்றும் அதையே செய்யுங்கள்.

மாடிப் போர்ஷன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு இருந்து, உங்களுக்கு ஒரு துணை மீட்டர் மட்டும் வைத்திருந்தால், யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் ஒரு கணக்குச் சொல்வார். அது அதிகமாக இருக்கிறதே என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள கட்டணப் படிகளுக்கும் கட்டணம் கூடுகிற விதத்தில்தான் பட்டியல் அமைந்திருக்கிறது. கத்திரி வெயிலில் நீங்கள் இரவெல்லாம் ஓட்டும் ஏ.சி., அதுவரை குறைந்த படியில் இருந்த அவருடைய பில்லையும் மேலே தள்ளிவிடும். அரசு தரும் இலவச யூனிட்டுகள் யாருக்கு என்ற கேள்வியில் பெரிய மனிதர்கள்கூடச் சின்னப் பிள்ளைகளாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இணைப்பு தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும்.

தண்ணீர், மழை விஷயத்தில் எதைப் பார்த்து வீடு பிடிப்பது?

வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். ஓ.எம்.ஆர். ஓரத்துப் பல போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழந்தைக்கு முடி கொட்டும். குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவது வேறு, பருப்பு வேகவைக்கவும் அதையே வாங்குவது வேறு. மோட்டார் போடும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கு ஒரு முறை போட்டுவிட்டுச் சுவிட்ச் பெட்டியைப் பூட்டிக்கொள்ளும் வீட்டில், நான்கு பேர் குளித்துக் கிளம்புவது அன்றாடம் ஒரு பரீட்சை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காத்திருக்கப்போகிறீர்கள் என்றால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சாதாரணக் காலத்தில் நனைந்தால் சோபா போகும். உங்கள் நிலையில் நனையக்கூடியது பட்டச் சான்றிதழ்களும் பிறப்புச் சான்றுகளும் மூடிய அட்டைப்பெட்டிகளில் இருக்கும் உங்கள் மொத்தக் குடித்தனமும்.

எந்தச் சாமானைப் பிரிப்பது, எதைக் கட்டியே வைப்பது?

எல்லாவற்றையும் கட்டியே வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிடுவது முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். பிறகு வீடு முழுவதும் ரயில்நிலையக் காத்திருப்பு அறையாகிவிடும், அங்கே இருக்கும் எரிச்சல்தான் மனிதர்களிடமும் இருக்கும். என் யோசனை, ஒரு முழுச் சமையலறையைப் பிரித்துவிடுங்கள் என்பதே. குக்கர், இட்லிப் பானை, தோசைக் கல், மிக்ஸி, நல்ல எவர்சில்வர் தட்டுகள், டபரா டம்ளர்.

மிக்ஸியும் கிரைண்டரும் எப்படியும் கனடாவில் நேரடியாக ஓடாது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரிய மின்மாற்றி வைத்தாலும் அதிர்வெண் மாறாது, கிரைண்டர் மோட்டார் வேறு வேகத்தில் சுற்றும். ஆகவே இவற்றைப் பாதுகாத்து வைப்பதில் பொருளில்லை. தற்காலிக வீட்டில் நன்றாக அரைத்துத் தள்ளிவிட்டு, கிளம்பும்போது வீட்டு வேலைக்கு உதவிய அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடலாம்.

கப்பலில் அனுப்பப்போகும் பெட்டிகளுக்கு மட்டும் ஒரு ஒழுங்கு வேண்டும். கனடாவில் முதன்முதலாக இறங்கும்போது, கூடக் கொண்டுவரும் பொருள்களுக்கு ஒன்றும் பின்னால் வரப்போகும் பொருள்களுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்களைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பின்னால் வருவது இரண்டாவது பட்டியலில் இருந்தால்தான் குடியேறுவோருக்கான வரிவிலக்கு கிடைக்கும். அந்தப் பட்டியலை எழுத இதைவிடத் தோதான காலம் வராது: ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதையும் தோராய மதிப்பையும் எழுதி வையுங்கள். நகைகளைப் படம் எடுத்து, மதிப்பீட்டாளரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் வாரம் வரை நகை வங்கி லாக்கரிலேயே இருக்கட்டும்; தாழ்ப்பாள் சரியாக விழாத தற்காலிக வீட்டில் வேண்டாம்.

காத்திருக்கும்போது முகவரி மாறுவதால் விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வருமா?

முகவரி மாற்றத்தைக் கனடா குடிவரவுத் துறையின் இணையக் கணக்கில் தெரிவித்துவிட வேண்டும்; அது எளிது. தொல்லை பாஸ்போர்ட்டில் வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், நீங்கள் கொடுத்த முகவரியில் காவல்துறை விசாரணை நடக்கலாம், அச்சிட்ட பாஸ்போர்ட்டும் அதே முகவரிக்குத் தபாலில்தான் வரும். தபால்காரர் வரும்போது நீங்கள் வேறு வீட்டுக்கு மாறியிருந்தால் அது திரும்பிப் போய்விடும். வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டிலும், குறிப்பாகக் குழந்தைகளுடையதில், எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துப் புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பித்துவிடுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பது நெருக்கத்தில்தான் நினைவுக்கு வரும்.

வங்கிக் கடிதம், எல்.ஐ.சி. ரசீது போன்றவற்றுக்கு மாறாத ஒரு முகவரி, அதாவது அண்ணன் வீடோ பெற்றோர் வீடோ, கொடுத்துவிடுவது நல்லது.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?

கூடாது. இது எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. ஜூனில் பள்ளி திறக்கிறது, செப்டம்பரில் கனடாவில் வகுப்பு தொடங்குகிறது, நடுவில் மூன்று மாதத்துக்கு யார் ஒரு வருடக் கட்டணம் கட்டுவது என்று மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுகிறார்கள். விசா ஜனவரிக்குத் தள்ளிப்போகும். அதுவரை பிள்ளை அந்த ஒற்றை அறையில், போனோடு. எட்டு வயதுப் பையனுக்கு நாள் முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளி நிர்வாகத்திடம் பருவக் கட்டணம் மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொள்ளாவிட்டால் தற்காலிக வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளி இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நடந்து போய்வரும் தூரத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளோடு நான்கு மாதம் படிப்பது எந்தக் குழந்தையையும் கெடுத்துவிடாது.

இந்த இடைவெளியில் முடிக்க வேண்டிய வேறொரு வேலையும் இருக்கிறது. டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள். அதில் தட்டம்மை, ருபெல்லாவோடு பொன்னுக்குவீங்கியும் சேரும். நம் அரசுத் திட்டத்தில் போடும் எம்.ஆர். ஊசியில் முதல் இரண்டு மட்டுமே உண்டு. தனியார் மருத்துவர்கள் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் மூன்றும் இருக்கும். மடிந்து கிழிந்த அந்தத் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தைகள் மருத்துவரிடம் போய், விடுபட்டதைப் போட்டு, தேதிகளோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பட்டியல் ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய பணத்தை வாடகைக்குச் செலவழிக்கலாமா?

கவனம் தேவை. கனடாவில் வேலை உத்தரவாதமோ அந்நாட்டு அனுபவமோ இல்லாமல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகிறவர்கள், குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குடியேற்றத் தொகையை, அதாவது அங்கே போய்க் குடியமரும் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணத்தை, விண்ணப்பிக்கும்போது மட்டுமல்லாமல் விசா வழங்கப்படும்போதும் வைத்திருக்க வேண்டும். சம்பளம் நின்றபின் ஆறு மாத வாடகையும் அட்வான்ஸும் இந்தத் தொகையிலிருந்துதான் போகிறது என்றால், தேவையான கோட்டுக்குக் கீழே இறங்கும் அபாயம் உண்டு. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, காத்திருப்புச் செலவுக்கு வேறொரு கணக்கு வையுங்கள். கார் விற்ற பணம், நகை விற்ற பணம், திரும்பிய அட்வான்ஸ் என்று பெருந்தொகை வரும்போதெல்லாம் அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

தற்காலிக வீட்டுக்கும் பால் காய்ச்ச வேண்டுமா? ஆடியில் போகலாமா?

பால் காய்ச்சுங்கள். பத்து நிமிட வேலை, அம்மாவுக்கும் நிம்மதி, குழந்தைகளுக்கும் இது நம் வீடு என்ற எண்ணம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை என்பவர்கள் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஒரு குடமும் விளக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாமானைப் பிறகு ஏற்றுவார்கள். ஆடியில் சென்னையில் வண்டியும் ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காத்திருக்கும் காலத்தில் கருத்தரித்தால்?

குடும்பத்தில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் தெரிவித்தாக வேண்டும். குழந்தை பிறந்தால் அதன் பெயரும் விண்ணப்பத்தில் சேர வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட்டும் மருத்துவப் பரிசோதனையும் தேவைப்படும். கருவுற்றிருக்கும்போது மார்பு எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பின் எடுக்கத் தள்ளிவைக்கலாம், ஆனால் விண்ணப்பமும் அதுவரை நிற்கும். இப்படி ஆனால் இது தற்காலிக வீடு என்ற நினைப்பையே விட்டுவிட்டு, மருத்துவமனைக்குப் பக்கமாக ஓராண்டுக்கு நல்ல வீடாகப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் தினமும் சண்டை. இது எல்லோருக்கும் நடப்பதுதானா?

ஆமாம், பெரும்பாலும் இரண்டு வேளைகளில் நடக்கும். ஒன்று, யாராவது போன் செய்து ‘எப்போ கிளம்புறீங்க?’ என்று கேட்டு வைத்த பிறகு. இன்னொன்று, அதிகாலை. ஒட்டாவாவில் அலுவலக நேரம் முடியும்போது நமக்கு இரவு இரண்டரை அல்லது மூன்றரை மணி. அந்த நேரத்தில் விழித்து மின்னஞ்சலைப் பார்ப்பதும், ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தபின் தூக்கம் வராமல் புரள்வதும், ஒரே அறையில் படுத்திருக்கும் மற்ற மூவரையும் எழுப்பிவிடும். காலையில் பால் பொங்கி வழிந்ததற்கு நடக்கும் சண்டை உண்மையில் அந்த மூன்றரை மணிக்கானது. காலை ஏழு மணிக்கு ஒரு முறை, ஒருவர் மட்டும் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் விதி வைத்தோம். இரவில் வந்த கடிதம் காலையிலும் அங்கேயேதான் இருக்கும்.

உறவினர் கேள்விக்கு இருவரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ‘பேப்பர் போயிருக்கு, வந்ததும் நாங்களே சொல்றோம்’ என்பது போதும். கணவர் அடுத்த மாதம் என்றும் மனைவி தெரியாது என்றும் சொன்னால், கல்யாண வீட்டில் அது தனிக் கதையாகிவிடும்.

இந்த எரிச்சலின் வேர் வீட்டின் சிறுமையில் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. இதைவிடச் சிறிய வீட்டில் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். முடிவுத் தேதி தெரியாததால் எந்தச் சிறு காரியத்தையும் தொடங்க மனம் வருவதில்லை: கொசுவலை அடிக்கலாமா, செய்தித்தாள் போடச் சொல்லலாமா, பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று ஒவ்வொன்றும் ‘போகத்தானே போகிறோம்’ என்பதில் முட்டி நிற்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதற்கு எங்களுக்குக் கைகொடுத்த கணக்கு எளிமையானது. ஒரு செலவு மூவாயிரத்துக்குள் இருந்து, ஒரு மாதமாவது பயன்படும் என்றால், யோசிக்காமல் செய்துவிடுவது. கொசுவலை முதல் நாளே அடித்திருக்க வேண்டியது.

கடிதம் வந்துவிட்டது. எந்த வரிசையில் காலி செய்வது?

முதலில் பாஸ்போர்ட்டை விசா மையத்தில் கொடுங்கள். அது திரும்பி வரும்வரை கிளம்பும் தேதி உறுதியாகாது என்பதால், பயணச்சீட்டை உறுதி செய்வதும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதும் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே. பிறகு வீட்டையோ மனையையோ பார்த்துக்கொள்ள அண்ணனுக்கோ தம்பிக்கோ அதிகாரம் கொடுப்பதாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பொது அதிகாரப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து தூதரகம் வழியாகச் செய்வது நெடுங்கதை. கேஸ் இணைப்பை ஒப்படைத்தால் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் கட்டிய வைப்புத்தொகை திரும்பும், பழைய இணைப்புச் சீட்டு வேண்டும். கடைசி நான்கு நாளுக்கு ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு போதும். கிளம்பிய பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதற்கான படிவத்தை வங்கியில் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓ.டி.பி. வரும் செல்பேசி எண்ணை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

டொராண்டோ போய் இறங்கியதும் மறுபடியும் தற்காலிக வீடுதானா?

பெரும்பாலும் அப்படித்தான். ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் நிலவறைப் பகுதிகள் குறுகிய காலத்துக்குக் கிடைக்கும். இங்கிருந்தே படங்களை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் சில வாரத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொண்டு, நேரில் பார்த்து வீடு பிடியுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் வாடகை வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டுமே. சேதத்துக்கென்று தனியாக வைப்புத்தொகை வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய நமக்கு அது நம்புவதற்குக் கடினமாக இருக்கும், ஆனால் புதிதாக வந்தவர்களிடம் அதற்கு மேல் கேட்பவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதால் இந்த விதியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.